கடைசி இடத்துக்கு நடந்த போட்டி

"வேணும்னே தோக்குறது தப்பா?" என்று கேட்டார் யாகப்பன்.

செண்பகவல்லி சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு தோக்குறது?"

"எங்க டீம்."

"டீமுக்குத் தெரியுமா?"

யாகப்பன் தண்ணீர்த் தொட்டியின் படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

குரு, சீடன் என்றதும் யாரும் இங்கே தாடியைத் தேட வேண்டாம். சீடன் யாகப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர். பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சியாளர். குரு செண்பகவல்லிக்கு நாற்பத்தொன்று. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காவி கிடையாது, முட்டியில் வெளுத்துப்போன ட்ராக் பேன்ட்தான்.

அந்தக் குருவுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இந்தச் சீடன்தான். காலம் அப்படித்தான், நாற்காலிகளை மாற்றிப் போட்டுவிடும்.

அக்கம்பக்கத்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு சிக்கல் வந்தால் செண்பகவல்லியைத் தேடி வருவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே பேர் பரவிவிட்டது. இன்னொன்றும் அவளைப் பற்றிச் சொல்வார்கள். பந்தைத் தட்டுவாள், பிடிப்பாள், பாஸ் கொடுப்பாள். வளையத்தைப் பார்த்து மட்டும் எறியமாட்டாள். நெற்றிக்கு நேராகப் பந்தைத் தூக்கி, முழங்கையை இப்படி வை என்று காட்டுவாள். அதோடு சரி, பந்து கையைவிட்டுப் போகாது.

தோள்பட்டை இறங்கிவிட்டது என்றார்கள் சிலர். ஏதோ வேண்டுதல் என்றார்கள் சிலர். வாய்க்கு வந்ததைச் சொல்ல நம் ஊரில் பஞ்சமா?

யாகப்பன் தன் சங்கடத்தைச் சொன்னார்.

எட்டு ஊர் அணிகள் ஆடும் லீக் அது. கடைசியாக வரும் அணிதான் அடுத்த வருஷத்துக்கான புதுப் பெண்களில் முதல் ஆளை எடுக்கலாம். மெலிந்தவனும் பிழைக்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு போட்ட சட்டம். ஆனால் கடைசியாகப் பந்தியில் உட்கார்கிறவனுக்கு லட்டு இரண்டு என்று சொல்லிவிட்டால், முந்திப்போய் எவன் உட்காருவான்?

அடுத்த வருஷம் நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பதினெட்டு வயது, ஆறடி மூன்று அங்குலம். குதித்தால் வளையத்தைத் தொடுகிறாள். அவளை எடுக்கிற அணி ஐந்து வருஷத்துக்குத் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

யாகப்பனின் அணி கடைசிக்கு ஒரு படி மேலே நின்றது. மூன்று வெற்றி. அடியில் இருந்த அணிக்கு இரண்டு. இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி.

அணியை நடத்துவது ஒரு நூற்பாலை. முதலாளி கூப்பிட்டு இரண்டே வாக்கியம் பேசினார். அந்த நெட்டைப் பெண் வந்தால் அணி இருக்கும். வராவிட்டால் கலைத்துவிடுவேன். அணியில் இருக்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் அந்த ஆலையில்தான் வேலை. அணி போனால் வேலையும் போகும்.

"எப்படியும் கோப்பை நமக்கு இல்ல," என்றார் யாகப்பன். "சும்மா தோக்குறதுக்குப் பதிலா ஒரு பிரயோஜனத்தோட தோக்குறோம். சட்டத்துலயும் தப்பு இல்ல. இதுல என்ன குத்தம்?"

செண்பகவல்லி பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். காற்று சரியாக இருந்தது.

எழுந்து மைதானத்துக்குப் போய்விட்டாள்.

யாகப்பன் உட்கார்ந்தே பார்த்தார். பயிற்சி முடியும் நேரம் பெண்கள் வரிசையாக, வளையத்துக்கு எதிரே இருந்த கோட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பந்து. பந்து வளையத்துக்குள் விழுந்தவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். விழாதவள் விழும்வரைக்கும் நின்றாள். விட்ட பந்தோடு யாரும் மைதானத்தைவிட்டுப் போகக் கூடாது.

அது யாகப்பனின் விதி. கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் அவர் போட்டது. இத்தனை வருஷம் கழித்தும் இந்தப் பெண் அதை விடாமல் வைத்திருக்கிறாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

*

பதின்மூன்றாவது ஆட்டம், கடைசிக்கு முந்தினது.

அணித்தலைவி முத்துப்பேச்சிக்கு இருபத்தெட்டு வயது. அந்த அணியின் பாதிப் புள்ளிகள் அவள் கையிலிருந்து வந்தவை. ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் யாகப்பன் அவளை வெளியே அழைத்தார். முட்டியில் வீக்கம் மாதிரி தெரிகிறது, உட்கார் என்றார்.

முட்டியில் ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சியாளர் சொன்னால் வீக்கம்தானே? அவளும் தொட்டுப் பார்த்து, ஆமாம் சார், கொஞ்சம் இருக்கிறது என்றாள்.

நாலு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் முத்துப்பேச்சி அவரிடம் வந்து நின்றாள். துண்டால் முகத்தை மூடி மூடித் திறந்தாள். தன் முட்டிதான் அணியைக் கவிழ்த்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். மறுநாளிலிருந்து ஐஸ் கட்டி வைத்தாள். யாரோ சொன்னார்கள் என்று முடக்கத்தான் கீரை தின்றாள். இல்லாத வீக்கத்துக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தாள்.

யாகப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் விசிலை ஊதினார்.

அதே நாளில் வேறொரு வினையும் நடந்தது. அடியில் இருந்த அணியும் தோற்கத்தான் பார்த்தது. ஆனால் கடைசி நொடியில் யாரோ ஒருத்தி பாதி மைதானத்திலிருந்து விட்டெறிந்த பந்து வளையத்துக்குள் போய்த் தொலைந்தது. வென்றுவிட்டார்கள். அவர்களுக்கும் மூன்று வெற்றி, இவர்களுக்கும் மூன்று.

கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிகளுக்குள்தான். தோற்கிறவருக்கு நெட்டைப் பெண்.

*

"முத்துப்பேச்சிகிட்ட சொல்லிரட்டுமா?" என்று கேட்டார் யாகப்பன்.

இந்த முறை செண்பகவல்லி கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். எதிர் அணியும் தோற்கத்தான் வரும். அவளை உட்கார வைத்து மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. விஷயம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதோடு, தெரியாமல் தோற்றால் பழியைத் தன் முட்டிமேல் போட்டுக்கொண்டு அழுகிறாள். தெரிந்து தோற்றால் அந்தப் பாரமாவது இருக்காது.

"டீமுக்குத் தெரியுமான்னு நீதானே கேட்ட? அதைத்தான் யோசிச்சேன். ஒளிக்கிறதுதான் தப்பு. சொல்லிட்டா தப்பு இல்ல. அப்படித்தானே?"

செண்பகவல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சார், உங்க வீட்டுச் சுவத்துல ஒரு போட்டோ இருக்கு. நாம தேனிப் பக்கம் போய்க் கோப்பை ஜெயிச்சோமே, அது."

"ஆமா. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"அதுல நான் எங்க நிக்கேன்?"

"நடுவுல. கோப்பைக்குப் பக்கத்துல."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை மேட்ச், செண்பகம்."

"அதுக்கு முன்னால பாருங்க."

யாகப்பனுக்குக் கோபம்தான் வந்தது. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப் பாக்குக்கு விலை சொல்கிறாள். குரு என்று நாலு பேர் சொல்லிவிட்டால் இப்படித்தான், நேராகப் பேச வராது.

ஆனாலும் போனதும் பார்க்கத்தான் நினைத்தார். வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றி, போர்வையில் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார் மனைவி. யாகப்பன் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. இடுப்பு வேறு வலித்தது.

நடுவில்தானே நிற்கிறாள், அதை அவிழ்த்து வேறு பார்க்க வேண்டுமா என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை முத்துப்பேச்சியைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி சொன்னது, நெட்டைப் பெண், பன்னிரண்டு பேர் வேலை எல்லாம். ஆட்டம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால், உன் கைக்கு வரும் பந்தை நீதான் விட வேண்டும் என்றார்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். குனிந்து முட்டியில் இருந்த பற்றைத் தொட்டாள்.

"அப்ப என் முட்டி நல்லாத்தான் இருக்கா சார்?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

"சரி சார்," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டம்.

அந்த மாதிரி ஓர் ஆட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. விஷயம் அதற்குள் எல்லோர் காதுக்கும் எட்டியிருந்தது. முத்துப்பேச்சியைத் தவிர, இரண்டு அணியும் நல்ல ஆட்களை வெளியே உட்கார வைத்திருந்தன. ஒருத்தி பந்தை எதிரி கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் வாங்கி வெளியே எறிவாள். நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று வாசற்படியில் நிற்கும் சம்பந்திகள் மாதிரி மரியாதை தூள் பறந்தது. முதலில் சிரித்த கூட்டம் பாதி ஆட்டத்தில் ஊளையிட்டது. பிறகு அதுவும் அலுத்துப்போய் எழுந்து போகத் தொடங்கியது.

ஆனால் பந்து யார் பேச்சைக் கேட்கிறது? தப்பித் தவறி அங்கே இரண்டு விழும், இங்கே இரண்டு விழும். கடைசியில் எதிர் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மூன்று நொடி பாக்கி. அவர்கள் பயிற்சியாளர் தலையில் கை வைத்தார். அவர் அணிப் பெண் ஒருத்தி குறிப்பறிந்து முத்துப்பேச்சியை இடித்துத் தள்ளினாள்.

தள்ளியதற்குத் தண்டனையாக இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியலாம். ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி.

முத்துப்பேச்சி கோட்டில் நின்றாள். அந்த இடத்திலிருந்து கண்ணைக் கட்டிவிட்டாலும் பத்துக்கு ஒன்பது போடுகிறவள். ஒருமுறை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

யாகப்பன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். கயிறு சரியாகத்தான் கட்டியிருந்தது.

முதல் பந்து போர்டில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது வளையத்தின் விளிம்பைத் தொட்டுக் கீழே விழுந்தது.

ஜெயித்த அணியின் பயிற்சியாளர் துண்டைத் தரையில் அடித்தார். தோற்ற அணியின் முதலாளி லட்டு டப்பாவைத் திறந்தார்.

முத்துப்பேச்சி மட்டும் ஓடிய பந்தைத் துரத்திப் பிடித்தாள். மறுபடி கோட்டுக்கு வந்தாள். விட்ட பந்தைப் போட்டுவிட்டுத்தானே வெளியே வர வேண்டும்? அதுதான் விதி.

யாகப்பன் அவசரமாகப் போய் அவள் தோளைப் பிடித்தார். இரண்டையும் விட்டவள் இப்போது ஒரே வீச்சில் போட்டுக் காட்டினால் கூட்டம் சும்மா இருக்குமா?

"ஜனங்க பாக்குறாங்க. வண்டில ஏறு."

அவள் பந்தைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

*

எல்லாம் நினைத்தபடி நடந்தது. நெட்டைப் பெண் வந்தாள். கெட்டிக்காரி, பணிவானவள். பன்னிரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. முதலாளி யாகப்பனுக்குச் சால்வை போர்த்தினார்.

முத்துப்பேச்சி எல்லோருக்கும் முன்னால் பயிற்சிக்கு வந்தாள். ஓடினாள், தடுத்தாள், பிடித்தாள். பந்து கைக்கு வந்ததும் பாஸ் கொடுத்தாள். எதிரே ஆளில்லாமல் வளையம் திறந்து கிடந்தாலும் பாஸ்தான்.

நெட்டைப் பெண்ணுக்கு வழிவிடுகிறாள் என்றார் முதலாளி. சுயநலமே இல்லாத பெண் என்றார்.

யாகப்பனும் ஒரு வாரம் அப்படித்தான் நம்பினார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் தங்கள் கடைசிப் பந்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முத்துப்பேச்சி கோட்டில் நின்றாள். பந்தை நெற்றிக்குத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். இறக்கினாள். கால்மணி நேரம் ஆயிற்று. பந்து கையைவிட்டுப் போகவில்லை.

என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றாள். நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன் என்றாள்.

அந்த முழங்கையை, அந்தப் பந்தை, அது அப்படி நின்ற விதத்தை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் வெள்ளையடித்து முடித்து எப்போதோ படங்களைப் பழைய இடத்தில் மாட்டியிருந்தார்கள். யாகப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோப்பைப் படத்தின் முன்னால் நின்றார். நடுவில் கோப்பை. கோப்பைக்குப் பக்கத்தில் நின்றது கல்லூரி முதல்வரின் சம்சாரம்.

அணியில் பன்னிரண்டு பேர். பெண்களை எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

*

படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்ச் செண்பகவல்லியின் மடியில் வைத்தார்.

"நீ இதுல இல்ல."

"இல்ல சார்."

"எங்க போயிருந்த?"

"அங்கனதான் இருந்தேன். எதிர்ப்பக்க வளையக் கம்பத்துக்குக் கீழ."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தில் ஓடும் பெண்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். அந்த வருஷம் அரையிறுதிக்கு முந்தின ஆட்டம், அரையிறுதியில் இடம் ஏற்கெனவே உறுதி. அதில் தோற்றால் அரையிறுதியில் லேசான அணி வரும் என்று சார் கணக்குப் போட்டார். கடைசியில் இரண்டு ஃப்ரீ த்ரோ அவளுக்கு வந்தது. விடு என்றார். விட்டாள்.

"விட்ட பந்தைப் போட்டுட்டு வாரேன்னு பந்தை எடுத்தேன். நீங்க வந்து தோளைப் புடிச்சீங்க. ஜனங்க பாக்குறாங்க, வண்டில ஏறுன்னீங்க."

அதே வார்த்தைகள் யாகப்பன் காதில் மறுபடி விழுந்தன. முத்துப்பேச்சியிடம் என்ன சொன்னோம் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அதுக்கப்புறம் அரையிறுதியிலயும் பைனல்லயும் நான் ஒரு பந்துகூடப் போடல சார். பாஸ்தான் குடுத்தேன். கோப்பை வந்துட்டுதுல்லா, நீங்க கவனிக்கல. சுயநலம் இல்லாத பொண்ணுன்னு பேப்பர்காரங்ககிட்ட சொன்னீங்க."

அவர் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் போட்டோவுக்கு நிக்கையில, அந்த ஒரு பந்தைப் போட்டுட்டு வந்திரலாம்னு போனேன்."

"விழுந்துச்சா?"

"கோட்டுல நின்னு பந்தைத் தூக்கினேன். கை கேட்டுச்சு சார். போடவா, விடவான்னு."

அவள் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னால என் கை என்னைய எதுவும் கேட்டதில்ல."

யாகப்பன் அழுதார். ஐம்பத்தெட்டு வயதில், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் மைதானத்தின் ஓரத்தில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தன் அறியாமைக்காக அழுதாரா, முத்துப்பேச்சிக்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு படிக்குக் கீழே கிடந்த பந்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்பப் போடு, செண்பகம். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் நிக்கிறேன். யாரு பாத்தாலும் பாக்கட்டும்."

செண்பகவல்லி பந்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கோட்டுக்குப் போனாள். டீச்சர் கோட்டில் நிற்பதைப் பார்த்ததும் பெண்களெல்லாம் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

பந்து அவள் நெற்றிக்கு உயர்ந்தது. முழங்கை வளையத்துக்கு நேராக நின்றது.

வெகுநேரம் நின்றது.

பிறகு அவள் திரும்பி, அவர் மார்புக்கு நேராக, கொஞ்சமும் பிசகாமல், பந்தை அவருக்கே பாஸ் கொடுத்தாள்.